ஒச்சப்பன் தள்ளி அடித்த தெரு

சர்க்கஸில் உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், ஒச்சப்பன் முதலில் கேட்டவர் முகத்தைப் பார்ப்பான். முகத்தில் ஆசை தெரிந்தால், "உசரத்துல சோலி" என்பான். அது முழுப் பொய்யில்லை. பெரிய கூடாரத்தின் நடுக்கம்பத்தில் ஏறிக் கயிறு மாட்டுவது அவன்தான். முகத்தில் சந்தேகம் தெரிந்தால், இரண்டாவது கேள்வி வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவான். முளை அடிக்கிறான், கயிறு கட்டுகிறான், ஊர் மாறும்போது பிடுங்குகிறான், அடுத்த ஊரில் மறுபடி அடிக்கிறான்.

ராசிங்காபுரத்துக்காரன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தோற்ற கோடையில் தேனிக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. கணக்கு வராதவனுக்குப் பறக்க வரும் என்று அவனுக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. மறுநாளே முதலாளியம்மா ஜக்கம்மாள் முன்னால் போய் நின்று, அந்தரத்தில் தொங்கிப் பறக்கும் பார் ஆட்டம் ஆட வேண்டும் என்றான். ஜக்கம்மாள் ஒரு காலத்தில் கம்பிமேல் நடந்தவள். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையில் ஒரு சம்மட்டியைக் கொடுத்தாள்.

"மொதல்ல தரையில நிக்கப் பழகு. பொறவு பறக்கலாம்."

ஒரு மாதம் பழகினான். பிறகு ஏணியில் ஏற விட்டார்கள். பாதி ஏணியில் கீழே பார்த்தான். கை தானாக விட்டுவிட்டது. வலையில் விழுந்தான். பாரிலிருந்து வலையில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர், ஏணியிலிருந்து விழுந்தவன் கம்பெனி வரலாற்றில் தான் ஒருவன்தான் என்று அவனே இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். உயரத்தில் பயம் போவதற்குச் சில வருஷம் ஆனது. அதற்குள் இடுப்பு போய்விட்டது. எண்ணெய்ப் பலகாரம் தின்றே பெருத்த உடம்பைப் பார் தாங்காது என்று அவனுக்கே தெரிந்ததால், சம்மட்டியோடு நின்றுகொண்டான். இப்போது வயது முப்பத்தெட்டு. டென்ட்டு மேஸ்திரி என்று பெயர். அவனுக்குக் கீழே ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு பேரில் அவன் பேச்சைக் கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. கணக்குத்தான் அவனுக்கு வராதே.

பெரிய கூடாரத்துக்குப் பின்னால் சனங்கள் பார்க்காத ஒரு தெரு உண்டு. ஆட்டக்காரர்களும் வேலையாட்களும் குடியிருக்கும் டென்ட்டுகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கும். வலது வரிசையில் முதலில் ஜக்கம்மாள். அடுத்தது சமையல். மூன்றாவது, சைக்கிளில் வித்தை காட்டும் ராஜாராமும் அவன் மனைவி பவதாரணியும். நான்காவது பார் ஆட்டக் குடும்பம். அதற்கடுத்து, நான்கு பக்கமும் ஆள் இருக்கும்படி, பெண்பிள்ளைகளின் பெரிய டென்ட்டு. கடைசியில் கல்யாணமாகாத ஆம்பளைகள். அதற்கும் அப்பால் லாரிகள், தட்டி கட்டிய குளியலறை, கக்கூஸ்.

இந்த வரிசை எந்த ஊரிலும் மாறாது. ஊர் மாறும், தெரு மாறாது. கம்பம் ஊரில் எந்த இடத்தில் முளை அடித்தானோ அதே இடைவெளியில்தான் பழனியிலும் அடிப்பான். ராத்திரி எல்லாம் லாரியில் குலுங்கி வந்து இறங்குகிறவன் கண்ணைத் திறக்காமலேயே தன் கட்டிலுக்குப் போய்விடுவான். கால் வழி காட்டும். குழந்தைகள்கூடப் பிறந்த ஊரைக் கேட்டால் முழிக்கும், எத்தனையாவது டென்ட்டு என்று கேட்டால் உடனே சொல்லும். இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவது ஒச்சப்பனுடைய பொறுப்பு. ஒரு முழம் தள்ளி எவனாவது முளை அடித்தால் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டுவான்.

ஆனால் அந்தத் தெருவில் அவனுக்கு இடமில்லை. கல்யாணமாகாத ஆம்பளைகள் டென்ட்டில் கொஞ்ச காலம் இருந்தான். அவன் குறட்டையில் முளைகள் தளர்கின்றன என்று புகார் போனது. புகார் கொடுத்தவர்கள் சிரிக்காமல் கொடுத்தார்கள். அன்றிலிருந்து உபரி டென்ட்டுக் கித்தான் ஏற்றும் லாரியில், மடித்து வைத்த கித்தான்மேல் படுக்கை. ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவன் லாரியில் படுக்கிறான் என்று யாராவது பரிதாபப்பட்டால், தன் கட்டிலுக்கு மட்டும்தான் பத்துச் சக்கரம் உண்டு என்று பதில் சொல்வான்.

பெண் பார்க்கும் இடங்களில் இந்தப் பதில் செல்லவில்லை. நாலைந்து இடம் வந்து, வீடு எங்கே என்று கேட்டு, போய்விட்டது. இந்தத் தடவை வந்தது கற்பகம். போடிமெட்டுக்கு மேலே பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறவள். முப்பதைத் தாண்டியவள். அம்மா ராக்குவோடு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். ஒச்சப்பனின் அக்கா அய்யம்மாள்தான் பேசி முடிச்சுப் போட்டாள். பேசும்போது, தம்பிக்குக் கம்பெனி வீடு கொடுத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டாள். ஒச்சப்பன் அதை மறுக்கவில்லை. மறுக்காததோடு நிற்காமல், ஜக்கம்மாளின் டென்ட்டு வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று ஒரு போட்டோ எடுத்துக் கற்பகத்துக்கு அனுப்பியும் வைத்தான். பின்னால் ஜக்கம்மாளின் புடவை காய்ந்ததை யாரும் கேட்கவில்லை.

போனில் நாலு தடவை பேசியிருந்தார்கள். அதிகம் பேசாதவள். ஒவ்வொரு தடவையும் வைப்பதற்கு முன்னால், இடம் எவ்வளவு இருக்கும் என்று மட்டும் கேட்பாள். பெட்டி படுக்கை வைக்கக் கேட்கிறாள் என்று நினைத்து, தாராளமாக இருக்கும் என்பான். அவள் குரல் அவனுக்குப் பிடித்துப்போனது. இதுவும் போனால் இனிமேல் பெண் கேட்டு எங்கும் போவதில்லை என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். விளையாட்டாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு ரெண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பத்தில் ஆட்டம் முடிந்து அடுத்தது போடி என்றதும் செய்தி வந்தது. கற்பகத்தின் தாய்மாமன் சீனிச்சாமி மாப்பிள்ளை வீடு பார்க்க வரவேண்டும் என்கிறார். அவர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோருக்கும் லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கம்பெனி போடியில் வந்து இறங்குகிறது.

ஒச்சப்பன் ஜக்கம்மாளிடம் போய் ஒரு குடும்ப டென்ட்டு கேட்டான். குடும்ப டென்ட்டு குடும்பத்துக்குத்தான் என்றாள் அவள். டென்ட்டு இருந்தால்தான் குடும்பம் வரும் என்றான் இவன். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதையாக ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சுற்றி வந்தார்கள். கடைசியில் ஜக்கம்மாளுக்கே அலுத்துவிட்டது.

"பழைய டென்ட்டு ஒண்ணு கெடக்குல்ல, அதை ஒருநாளைக்கு அடிச்சுக்க. வரிசைக்குக் கடைசியில அடிக்கணும். நடுவுல சொருகுன, தோலை உரிச்சிருவேன்."

கடைசி என்றால் கக்கூஸுக்குப் பக்கம்.

ஞாயிறு விடிகாலையில் போடி மைதானத்தில் கித்தானைத் தோளில் போட்டுக்கொண்டு ஒச்சப்பன் அந்தக் கடைசி இடத்தில் போய் நின்றான். மேற்கே மலை பனியோடு நின்றது. இறங்கி வரும் காற்று நேரே கக்கூஸ் தட்டியைத் தொட்டுத்தான் அந்த இடத்துக்கு வரும். கற்பகம் ஏலக்காய் வாசனையில் இருந்து வருகிறவள் என்று நினைத்தான். அப்படி நினைத்ததோடு அவன் மூளை வேலையை நிறுத்திக்கொண்டது. ஜக்கம்மாள் பெரிய கூடாரத்துப் பக்கம் கேலரிப் பலகைகளைப் பார்க்கப் போயிருந்த நேரம், தன் டென்ட்டைச் சமையலுக்கு அடுத்து மூன்றாவதாக அடித்தான். ராஜாராமின் டென்ட்டு நான்காவதாகப் போனது. பார் குடும்பம் ஐந்தாவது. அப்படியே வரிசை முழுக்க ஒரு டென்ட்டு தள்ளிக்கொண்டது. வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் ஒச்சப்பன் சம்மட்டியோடு துரத்தியிருப்பான்.

ராஜாராம் இன்னும் வந்து சேரவில்லை. அவன் சைக்கிள்கள் ஏறிய லாரி வழியில் டயர் வெடித்து நின்றிருந்தது. பவதாரணியிடம் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் கட்டில் விரிப்பு, ஆளுயரக் கண்ணாடி, பிளாஸ்டிக் பூச்சாடி எல்லாம் இரவல் வாங்கி வந்து அழகாக வைத்தான். இரண்டு கட்டில் போட்டான். பவதாரணி தண்ணீர் லாரிப் பக்கம் துவைக்கப் போய்விட்டாள். ஒச்சப்பன் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவிக்கொண்டான். முழு உருவத்தையும் கண்ணாடியில் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு ஜீப்பு வந்தது. சீனிச்சாமி, ராக்கு, கற்பகம். சீனிச்சாமி டென்ட்டின் கயிற்றை இழுத்துப் பார்த்தார், முளையைக் காலால் தட்டிப் பார்த்தார், மழை வந்தால் ஒழுகுமா என்று கேட்டார். இந்தக் கேள்விகளுக்கு ஒச்சப்பனை மிஞ்ச ஆளில்லை. வாய் ஓயாமல் சொன்னான். சீனிச்சாமிக்குத் திருப்திதான். ராக்கு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். கற்பகம் ரெண்டு கட்டிலையும் பார்த்தாள், நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்தாள்.

அப்போதுதான் ராஜாராம் வந்தான்.

ராத்திரி முழுக்க டயர் மாற்றிய ஆள். கண் பாதி மூடியிருந்தது. கால் காட்டிய வழியில் வந்து, மூன்றாவது டென்ட்டின் கதவுத் துணியைத் தூக்கினான். உள்ளே தன் கட்டில் விரிப்பு, தன் கண்ணாடி, தன் பூச்சாடி. தெரியாத மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பவதாரணிக்குப் பிறந்த ஊர் தேவாரம். பக்கத்து ஊரில் கம்பெனி இறங்கினால் அவள் சொந்தக்காரர்கள் வராமல் இருப்பார்களா? ராஜாராம் கையெடுத்துக் கும்பிட்டான். எப்போது வந்தீர்கள், பவதாரணி சொல்லவே இல்லையே, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று உபசாரம் பண்ணினான். பிறகு மூலையில் கல்லாய் நின்ற ஒச்சப்பனைப் பார்த்தான்.

"ஒச்சு, பாத்துக்கிட்டு நிக்கிறியே. போயி வெரசா நாலு டீ கொண்டா."

ஒச்சப்பன் போனான். இதைத்தான் பிற்பாடு அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தன் வீடு பார்க்க வந்தவர்களைத் தன் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, இன்னொருவன் சொன்னான் என்று டீ வாங்கப் போனான். யார் ஏவினாலும் ஓடிப் பழகிய கால், மூளையைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. சமையல் டென்ட்டில் டீயை ஊற்றும்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. தூக்குச்சட்டியோடு ஓடி வந்தான்.

சுவருக்குக் காது மட்டும்தான் உண்டு, கித்தானுக்கு வாயும் உண்டு. உள்ளே ராஜாராம் பேசுவது வெளியே தெளிவாகக் கேட்டது.

"அவனா? தங்கமான பய. இந்தத் தெருவே அவன் அடிச்சதுதான். ஆனா பாவம், அவனுக்குன்னு ஒரு டென்ட்டு கெடையாது. கொறட்டை தாங்காம நாங்கதான் லாரிக்குத் தொரத்திட்டோம். இப்ப ஏதோ பொண்ணு வீட்டுக்காரக வர்றாகளாம். எங்க உக்கார வைக்கப் போறானோ."

டீ ஆறுவதற்குள் உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். ஒச்சப்பன் போனான். டம்ளர்களில் டீயை ஊற்றி வைத்தான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் கூச்சல் கிளம்பியது. பார் குடும்பத்துப் பெரியவர் ராஜாராமின் டென்ட்டில் நுழைந்து கட்டிலில் விழுந்துவிட்டார். ஆம்பளைகள் டென்ட்டுக்குப் போகிற ஒருவன் ஒரு டென்ட்டு முன்னாலேயே நுழையப் பார்த்து, பெண்பிள்ளைகளிடம் வாளியால் அடி வாங்கினான். எல்லாவற்றுக்கும் மேலே ஜக்கம்மாளின் குரல், தெருவை மாற்றியது எவன் என்று கேட்டபடி வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது.

சீனிச்சாமி டம்ளரைத் தொடாமல் கேட்டார். "தம்பி, இது யாரு வீடு?"

ஒச்சப்பனுக்கு வாயில் நாலைந்து பொய் வந்தது. ஒன்றுகூட நிற்கிற மாதிரி இல்லை.

"விரிப்பு அவுகளுது. கண்ணாடி அவுகளுது. டென்ட்டு கம்பெனியோடது. டீ மட்டும் நான் வாங்குனது" என்றான்.

ராஜாராமுக்கு அப்போதுதான் தூக்கம் தெளிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். சீனிச்சாமி எழுந்து, போகலாம் என்றார். ராக்கு எழவில்லை. முழங்கால் வலிக்கிறது, டீயைக் குடித்துவிட்டு வருகிறேன் என்றாள். கற்பகம் எழுந்தாள்.

"அந்த லாரியைக் காட்டுங்க" என்றாள்.

மாமன் முறைத்தார். அவள் அதைப் பார்க்கவில்லை. ஒச்சப்பன் முன்னால் நடந்தான். சீனிச்சாமி பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார். எதிரே வந்த ஜக்கம்மாள் வாயைத் திறந்தவள், கூட வருகிற பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். திட்டை ஒத்திவைக்கிறாள் என்று ஒச்சப்பனுக்குத் தெரிந்தது.

லாரியில் மடித்த கித்தான், ஒரு கம்பளி, சுருட்டி வைத்த ரெண்டு சட்டை, டிபன்பாக்ஸ். கற்பகம் பின்கதவைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தை யாரும் இப்படி நின்று பார்த்ததில்லை. அவனுக்கு ஏணியிலிருந்து விழுந்தபோதுகூட இவ்வளவு வெட்கமாக இல்லை.

"எங்க லயமும் இந்த மாதிரிதான்" என்றாள் அவள். "சோலியை விட்டா மறுநாளே வீட்டை விடணும். நான் கல்யாணம் பண்ணி வந்துட்டா எங்கம்மா எங்க போகும்? அதுக்குத்தான் போன்ல எடம் எடம்னு கேட்டேன். தாராளமா இருக்குன்னீக."

"பொட்டி வைக்கக் கேக்குறீகன்னு நெனச்சேன்."

"ரெண்டு கட்டில் போட்டிருந்தீகளே, அதைப் பாத்ததும் எனக்கு மனசு விட்டுப்போச்சு. லாரியைக் கேட்டு இல்ல."

ஒச்சப்பன் தரையைப் பார்த்தான். பூச்சாடிவரை யோசித்திருந்தான். ஜீப்பிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அந்த அம்மா எங்கே படுப்பாள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. ஊர் ஊராக இத்தனை பேருக்கு இடம் அளந்து போடுகிற மேஸ்திரி.

"கித்தான் இருக்கு. சேத்துத் தச்சா மூணு கட்டிலுக்குப் பெருசா அடிக்கலாம். நடுவுல ஒரு மறைப்பும் வைக்கலாம்" என்றான். பிறகு, கேட்காமலே மீதியையும் சொன்னான். "ஆனா முதலாளியம்மா ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டாலும் கடைசியிலதான் எடம். கக்கூஸ் பக்கம். காத்து அடிச்சா நாத்தம் வரும். குறட்டையும் நெசந்தான்."

பெண் கேட்கிறவன் எவனும் இப்படிப் பேசமாட்டான் என்று அவனுக்கே தோன்றியது. கற்பகம் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கித்தான் மடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு திரும்பி நேரே ஜக்கம்மாளிடம் நடந்தாள். ஒச்சப்பன் பின்னால் ஓடினான்.

ஜக்கம்மாள் மூன்றாவது டென்ட்டு வாசலில் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். தெருவே கூடி நின்றது. கற்பகம் மெதுவாகத்தான் பேசினாள். கடைசி டென்ட்டாக இருந்தாலும் சரி, மூன்று கட்டில் போடுகிற மாதிரி வேண்டும், அம்மாவை விட்டுவிட்டு வரமுடியாது என்றாள். அம்மா காய்கறி நறுக்குவாள், சமையலில் கூடமாட நிற்பாள், சும்மா உட்கார மாட்டாள் என்றும் சொன்னாள்.

"குடும்ப டென்ட்டு குடும்பத்துக்குத்தான்" என்றாள் ஜக்கம்மாள். "மொதல்ல தாலி ஏறட்டும்."

"அதுக்குத்தான் கேக்குறேன்" என்றாள் கற்பகம்.

ஒச்சப்பனுக்கு அது புரியக் கொஞ்சம் நேரமானது. பவதாரணி ஈரத் துணியோடு நின்றவள், அவன் முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் புரிந்தது. சீனிச்சாமி கக்கூஸ் பக்கம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்றத்துக்கு ஒரு வழி பண்ணினால் யோசிக்கலாம் என்றார். தட்டியை லாரிகளுக்குப் பின்னால் தள்ளிக் கட்டலாம், இனி எல்லா ஊரிலும் அப்படியே கட்டலாம் என்று ராஜாராம் சொன்னான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் செய்ததற்கு அவன் ஏதாவது சொல்லியே ஆகவேண்டியிருந்தது. ஜக்கம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் வரிசையைப் பழையபடி வைக்கச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் எல்லா டென்ட்டும் அதனதன் இடத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தாலி கட்ட மாப்பிள்ளை இருக்கமாட்டான் என்றாள்.

ஒச்சப்பன் முதலில் தான் அடித்த டென்ட்டைப் பிடுங்கக் கதவுத் துணியைத் தூக்கினான். உள்ளே ராக்கு, ராஜாராமின் விரிப்பில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே இவ்வளவு கூச்சலும் அவள் காதில் ஏறவில்லை. கற்பகம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"பழகாத எடத்துல எங்கம்மாவுக்குக் கண்ணு அசராது" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

ஒச்சப்பன் துணியை மெல்ல இறக்கினான். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று தன் ஆட்களிடம் சொன்னான். ஆறு பேரும் அன்றைக்கு ஒரு பேச்சு எதிர்த்துப் பேசவில்லை. அவன் ஒரு கோணிச்சாக்கைக் கிழித்துச் சம்மட்டித் தலையில் சுற்றிக் கட்டினான். சத்தம் வராமல் முளையை எப்படித் தட்டுவது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் அடி குறி தவறி அவன் கால் கட்டைவிரலில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். பின்னால் கற்பகம் சிரித்தாள். அவள் சிரித்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. சீனிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்.